பிராக் நகர் வேனில் மாளிகையும் அரச பூங்காவும்: ஒரு சமூகவியல் நோக்கு

1

செக் நாட்டின் தலைநகராகிய பிராக் நகரிலே, வல்தாவா ஆற்றின் இடது கரையிலுள்ள குன்றின்மீது பழைய அரண்மனைத் தொகுதி அமைந்துள்ளது. அதன் வடபுறத்தே ஆழமானதொரு பள்ளம் கிடக்கின்றது. அரசரின் மான்கள் ஒரு காலத்தில் அங்கு வளர்க்கப்பட்டமையால் மான் அகழி என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. அகழியைக் கடந்து அப்பாற் செல்வோர் அரச பூங்காவினை அடைவர். பூங்காவின் ஊடாகக் கிழக்கு நோக்கி நடந்தால், அதன் எல்லையிலே, மெல்லிய தூண்களையும் அரைவட்ட வளைவுகளையும் கொண்ட நீண்ட கட்டடமொன்று தென்படும். அதன் செப்புக்கூரை கவிழ்த்து வைத்த கப்பலொன்றின் அடிப்புறத்தைப் போன்றது. காலப்போக்கிற் பசுமை படர்ந்தது. இதுவே ஆன்னா அரசியின் வேனில் மாளிகை எனப்படுவது. செக் மொழியில் இத்தகைய கட்டடத்தை லெத்தோஹ்ராடெக் என்பர். லெத்தோ என்பது கோடை. ஹ்ராடெக் என்பது சிறு கோட்டை. அழகிய காட்சி எனப் பொருள்படும் பெல்வெதேரே என்ற இத்தாலியப் பெயரும் இதற்கு உண்டு. அல்ப்ஸ் மலைக்கு வடக்கே எழுந்த மறுமலர்ச்சிக் கட்டடங்களுள் இத்தாலியப் பாணியினை மிகத் தூய்மையாகப் பேணியது இதுவே எனக் கலை வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

இம்மாளிகையைக் காணச் செல்வோர் முதலிற் கேட்பது ஒரு காதற் கதையினையே. பொகீமிய மன்னனாகிய முதலாம் பேர்டினாந்து தன் அன்பு மனைவி ஆன்னாவுக்காக 1538இல் இதனைக் கட்டத் தொடங்கினான் என்பதும், மாளிகைச் சுவரிலுள்ள புடைப்புச் சிற்பமொன்றில் அவன் அவளுக்குச் செடியின் கிளையொன்றைக் கொடுக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது என்பதும் அக்கதையின் சாரம். சிற்பம் உண்மையிலேயே அங்குள்ளது, அழகாகவும் உள்ளது. கணவனும் மனைவியும் ஒருவர்மீது ஒருவர் அன்புடையோராய் வாழ்ந்தனர் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும், ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்கும்பொழுது கதையிலே ஓர் இடைவெளி தென்படுகின்றது. ஆன்னா 1547 ஜனவரியில், தனது பதினைந்தாவது குழந்தையைப் பெற்ற சில நாட்களில், பிராக் நகரிலே காலமானாள். அப்பொழுது மாளிகையின் மேல்மாடி எழும்பவேயில்லை. கட்டடம் முற்றுப்பெற்றது 1560களின் நடுப்பகுதியிலேயாகும். யாருக்காகக் கட்டப்பட்டதோ அவள் மறைந்த பின்னரும் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் பணி தொடர்ந்தது ஏன்? மாளிகையை விளங்கிக் கொள்வதற்கு இவ்வினாவே தக்க வாயிலாகும்.

2

ஹப்ஸ்பேர்க் வம்சத்தவனாகிய பேர்டினாந்து பொகீமியாவுக்கு அந்நியன். அந்நாட்டின் மன்னனாக இருந்த இரண்டாம் லூயி, யாகியெல்லோ வம்சத்தைச் சேர்ந்தவன். அவன் 1526 ஆகஸ்ட் மாதத்தில் ஒட்டோமன் படைகளுக்கு எதிராக மொஹாச் களத்திலே பொருது தோற்று மாண்டான். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. அவனுடைய சகோதரியே ஆன்னா. 1521இல் அவளைப் பேர்டினாந்து மணந்திருந்தான். மனைவியின் வழியாகவே தனக்கு முடியுரிமை உண்டென அவன் வாதிட்டான். ஆனால், பிரபுக்கள், வீரப்பிரபுக்கள், அரச நகரங்களின் பிரதிநிதிகள் ஆகியோரைக் கொண்ட பொகீமிய மக்கட் பிரிவுகளின் சபை அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. மன்னனைத் தெரிவு செய்யும் உரிமை தமக்கே உரியது என அச்சபை நிலைநாட்டியது. 1526 ஒக்டோபரில் அவன் தெரிவு செய்யப்பட்ட மன்னனாகவே அரியணை ஏறினான்.

இவ்வேறுபாடு வெறும் சட்ட நுணுக்கமன்று. தெரிவு செய்யப்பட்ட மன்னன் தன்னைத் தெரிவு செய்தோர்க்குக் கடப்பாடுடையவன். பரம்பரை மன்னனுக்கு அக்கடப்பாடு இல்லை. 1541இல் பிராக் நகரின் மேட்டுப்பகுதியிலே பெருந்தீ மூண்டது. அரண்மனையின் பெரும்பகுதி எரிந்தது. நாட்டின் சட்டங்களும் உரிமைகளும் பதியப்பட்டிருந்த ஏடுகளும் அழிந்தன. அவற்றைப் புதிதாக எழுதும் வேளையைப் பேர்டினாந்து தவறவிடவில்லை. ஆன்னாவின் பரம்பரை உரிமை காரணமாகவே தான் மன்னனாக ஏற்றுக்கொள்ளப்பட்டதாகப் பதிவு அமையுமாறு 1545இல் அவன் செய்துகொண்டான்.

இப்பின்னணியில் அச்சிற்பத்தை மீண்டும் நோக்குதல் வேண்டும். மன்னன் அரசிக்குக் கிளையொன்றைக் கொடுக்கின்றான். ஆனால், வரலாற்றில் அரசியே மன்னனுக்கு நாட்டைக் கொடுத்தாள். அவளுடைய பெயரால் மாளிகை எழுப்புவதும் அவளுடைய உருவைக் கல்லிலே பொறிப்பதும் அன்பின் வெளிப்பாடாக இருந்த அதே வேளையில், ஆட்சியுரிமையின் அறிவிப்பாகவும் இருந்தன எனக் கொள்வது பொருந்தும். அவ்வாறாயின், அவளுடைய மரணத்தோடு பணி நின்றிருக்க வேண்டிய நியாயம் எதுவுமில்லை. அவள் மறைந்ததன் பின்னரே அவளுடைய பெயர் அவனுக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது.

அவள் மறைந்த அதே ஆண்டு இன்னொரு வகையிலும் முக்கியமானது. யேர்மனியப் புரட்டஸ்தாந்து இளவரசர்களுக்கு எதிரான போரில் மன்னனுக்குத் துணைபோக மறுத்துப் பொகீமிய மக்கட் பிரிவுகள் கிளர்ந்தன. 1547 ஏப்ரலில் மூல்பேர்க் என்னுமிடத்தில் ஹப்ஸ்பேர்க் தரப்பு வென்றதும் கிளர்ச்சி அடங்கியது. தண்டனையின் பெரும்பாரம் அரச நகரங்களின் மீதே சுமத்தப்பட்டது. அவற்றின் நிலங்கள் பறிக்கப்பட்டன. அவற்றின் நிருவாகத்தைக் கண்காணிக்க மன்னனின் உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டனர். பியர் வடிப்பின்மீது நிரந்தர வரி விதிக்கப்பட்டது. ஆகஸ்ட் மாதத்தில், அரண்மனைக்கு முன்னுள்ள சதுக்கத்திலே நால்வரின் தலைகள் வெட்டப்பட்டன. அச்சதுக்கத்திற்கும் வேனில் மாளிகைக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சிறிது நேரத்தில் நடந்து கடந்துவிடலாம்.

3

மறுமலர்ச்சி என்னும் பண்பாட்டு இயக்கம் எந்தச் சமூகத் தளத்தில் முளைத்தது என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பயனுடைத்து. இத்தாலியில் அது வர்த்தக நகரங்களின் பேறாகும். வணிகரும் கைவினைஞர் சங்கங்களும் பிரபுக்களின் மேலாண்மையினின்று விலகி நின்ற சூழலிலேதான் அதன் கட்டடக்கலை உருப்பெற்றது. புளோரன்ஸ் நகரிலே புருனெலெஸ்கி 1419இல் தொடங்கிய அநாதைப் பிள்ளைகள் விடுதி இதற்குச் சிறந்த சான்று. அதற்குப் பொறுப்பாக இருந்தது பட்டுத்தொழிலோரின் சங்கம். அக்கட்டடத்தின் புகழ்பெற்ற தூண்வரிசை நகரச் சதுக்கத்தை நோக்கித் திறந்தது. வெயிலுக்கும் மழைக்கும் எவரும் அதன் கீழ் ஒதுங்கலாம்.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளின் பின்னர் அதே வளைவுகளும் அதே தூண்களும் பிராக் நகரை வந்தடைந்தன. வடிவம் ஒன்றாயினும் அதனைத் தாங்கிய சமூகம் வேறாயிற்று. இங்கு அதனைக் கொணர்ந்தது நகர மக்களன்று, அரசவை. அதுவும், நகரங்களின் தன்னாட்சி ஒடுக்கப்பட்ட காலத்திலே கொணர்ந்தது. நாட்டுப்புறத்திலோ, 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இயற்றப்பட்ட சட்டங்கள், நிலவுடைமையாளனின் அனுமதியின்றிக் குடியானவன் ஊரை விட்டகலக் கூடாது எனத் தடுத்திருந்தன. மேற்கு ஐரோப்பாவில் நிலமானியக் கட்டுகள் தளர்ந்துகொண்டிருந்த வேளையில், பொகீமியாவில் அவை இறுகிக்கொண்டிருந்தன. புளோரன்சிலே சதுக்கத்தை நோக்கித் திறந்த தூண்வரிசை, பிராக்கிலே மதிலாற் சூழப்பட்ட பூங்காவினுள்ளே நின்றது. கலைவடிவம் ஒன்று ஒரு சமூக அமைப்பினின்று இன்னொன்றுக்குப் பெயரும்பொழுது அதன் பொருளும் பெயர்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

செல்வம் எங்கிருந்து வந்தது என்ற வினாவும் எழும். பொகீமிய முடியின் வலிமைக்கு அடிப்படையாக அமைந்தவற்றுள் வெள்ளிச் சுரங்கங்கள் குறிப்பிடத்தக்கவை. குத்னா ஹோரா பழைய சுரங்க நகரம். யாகிமோவ் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த புதிய நகரம். யாகிமோவில் 1520ஆம் ஆண்டளவில் அடிக்கப்பட்ட தாலர் என்னும் வெள்ளி நாணயத்தின் பெயரே பின்னர் டொலர் எனத் திரிந்தது. அதனை அடித்த பிரபுக் குடும்பத்திடமிருந்து நாணயமடிக்கும் உரிமையைப் பேர்டினாந்து 1528இல் தன்வசமாக்கினான். அதற்கு மூன்று ஆண்டுகளின் முன்னர், 1525இல், அச்சுரங்கத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்திருந்தனர் என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

4

கட்டடத்தை அணுகி நோக்குவோம். கீழ்த்தளத்தின் நான்கு புறங்களிலும் தூண்கள் தாங்கிய தாழ்வாரம் சுற்றி ஓடுகின்றது. வளைவுகளுக்கு இடையிலும் தூண்களின் பீடங்களிலும் மணற்கல்லிற் செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. கிரேக்க, உரோமப் புராணக் காட்சிகளும் வேட்டைக் காட்சிகளும் அவற்றுள் அடங்கும். இப்பகுதி வட இத்தாலியச் சிற்பியாகிய பாவ்லோ தெல்லா ஸ்தெல்லாவினதும் அவனோடு வந்த கல்தச்சரினதும் ஆக்கம். தீவிபத்தினாற் பணி தடைப்பட்டது. 1552இல் ஸ்தெல்லாவும் இறந்தான். பின்னர் பொனிபாஸ் வோல்முட் என்னும் கட்டடக் கலைஞன் மேல்மாடியை எழுப்பிக் கூரையையும் அமைத்தான். கீழ்த்தளத்தின் மென்மைக்கும் மேல்மாடியின் கட்டுறுதிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கூர்ந்து நோக்குவோர் உணரலாம். ஒரு மன்னனின் விருப்பம் என நாம் சுருக்கிக் கூறுவது உண்மையில் இரு தலைமுறைக் கைவினைஞரின் உழைப்பாகும்.

மாளிகையின் முன்னே, செவ்வக வடிவாக வகுக்கப்பட்ட சிறு பூங்காவின் நடுவிலே, வெண்கல நீரூற்றொன்று உள்ளது. பாடும் நீரூற்று என்பது அதன் பெயர். அதனை வரைந்தவன் பிரான்செஸ்கோ தெர்சியோ என்னும் இத்தாலிய ஓவியன். 1564 தொடக்கம் 1568 வரையான காலத்தில் வார்த்தவன் தோமாஷ் யாரோஷ். உச்சியிலே துருத்திக் குழலூதும் சிறுவனின் உருவம் நிற்கின்றது. நீர்த்துளிகள் வெண்கலத் தட்டின்மீது வீழும்பொழுது மெல்லிய உலோகம் அதிர்ந்து ஒலிக்கின்றது. அவ்வொலியைச் செவ்வனே கேட்க விரும்புவோர் குனிந்து, தட்டின் அடிப்புறத்திற்கு அண்மையிற் செவியைக் கொண்டுசெல்ல வேண்டும்.

யாரோஷின் தொழில் இவ்விடத்திற் கவனத்திற்குரியது. அவன் மணி வார்ப்போன். அரண்மனை வளாகத்திலுள்ள புனித விதுஸ் பேராலயத்தின் சிக்மண்ட் எனப்படும் பெருமணியை 1549இல் வார்த்தவனும் அவனே. அதே வேளையில் மன்னனின் பீரங்கி வார்ப்போனாகவும் அவன் விளங்கினான். ஒட்டோமன் எல்லைப் போருக்கான பீரங்கியும் வழிபாட்டுக்கான மணியும் பூங்காவின் இசைக்கான தட்டும் ஒரே மனிதனின் உலைக்களத் திறனிற் பிறந்தன. உலோகத்தின் கலவையும் தடிப்பும் ஒலியை எவ்வாறு மாற்றும் என்பதை அவன் மணித்தொழிலிலே கற்றிருந்தான். அவ்வறிவே நீரூற்றிலும் பயன்பட்டது. கலை என்றும் கைத்தொழில் என்றும் படைக்கலத் தொழில் என்றும் நாம் இன்று பிரித்து வைப்பவை அவனது பட்டறையிற் பிரிந்திருக்கவில்லை.

5

பூங்காவின் வரலாறு மாளிகையின் வரலாற்றினும் சில ஆண்டுகள் முந்தியது. திராட்சைத் தோட்டங்கள் இருந்த இடத்திலே 1534ஆம் ஆண்டளவில் அது நிறுவப்பட்டது. அகழியின் குறுக்கே மரப்பாலமும் அமைக்கப்பட்டது. குளிர்நாடாகிய பொகீமியாவில் அத்தியும் தோடையும் எலுமிச்சையும் இயல்பாகத் தழைப்பனவல்ல. அவற்றைப் பனிக்காலத்திற் காக்கக் காப்பகங்கள் எழுப்பப்பட்டன. அயல்நாட்டுச் செடியைத் தன் மண்ணிலே காய்க்கச் செய்வது, இயற்கையையும் ஆணைக்கு உட்படுத்தும் ஆற்றலின் அடையாளமாக அரசவைகளிற் கருதப்பட்டது. 1567 தொடக்கம் 1569 வரையான காலத்தில் வோல்முட் பந்தாட்ட மண்டபமொன்றையும் அங்குக் கட்டினான். 1583இல் அரசவையைப் பிராக் நகருக்கு மாற்றிய இரண்டாம் றூடொல்ப் காலத்தில் சிங்கக் கொட்டிலும் பூங்காவுக்கு அணித்தாக இருந்தது.

டியூலிப் மலரின் வரலாற்றோடும் இப்பூங்கா தொடர்புபடுத்தப்படுவதுண்டு. பேர்டினாந்தின் தூதனாக ஒட்டோமன் சுல்தான் சுலைமானின் அவைக்கு 1554இற் சென்ற புஸ்பெக் என்பானே அம்மலரை மத்திய ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினான் என்பது வழக்கு. 1529இல் வியன்னாவை முற்றுகையிட்ட பகைவரின் நாட்டு மலரே ஹப்ஸ்பேர்க் பூங்காவின் பெருமையாயிற்று. போர் நிகழ்ந்த எல்லையினூடாகவே பண்பாட்டுக் கொடுக்கல் வாங்கலும் நிகழ்ந்தது.

எனினும், பூங்காவில் திரண்ட அறிவு முழுவதும் மதிலுக்குள்ளேயே தங்கிவிடவில்லை. அரசனின் மகனும் பொகீமியாவின் ஆளுநனுமாகிய பேர்டினாந்து இளவரசனுக்கு மருத்துவனாக இருந்தவன் மத்தியோலி என்னும் இத்தாலியத் தாவரவியலறிஞன். அவனுடைய மூலிகை நூல் தாதேயாஷ் ஹாயெக் என்னும் அறிஞனாற் செக் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு, 1562இல் மெலான்ட்ரிக் என்பானின் பிராக் அச்சகத்திலே, பெரிய மரச்செதுக்குப் படங்களுடன் வெளிவந்தது. இலத்தீன் அறியாத செக் வாசகன் தாவரங்களின் உருவையும் பயனையும் தன் தாய்மொழியிலே கற்கும் வாய்ப்பினை அது வழங்கியது. மாளிகை எழும்பிய அதே ஆண்டுகளில் எழுந்த இந்நூலை, அம்மாளிகைக்கு நிகரான மறுமலர்ச்சிச் சாதனையாகக் கொள்ளுதல் தகும்.

அறிவியலின் இன்னொரு துறையும் இங்குச் சிறிது காலம் தங்கியது. டென்மார்க்கிலிருந்து வந்து றூடொல்பின் ஆதரவைப் பெற்ற வானியலறிஞன் தைக்கோ பிராகே, தன் கருவிகளை இவ்வேனில் மாளிகையில் வைத்திருந்தான். 1600இல் அவனிடம் வந்து சேர்ந்தவன் யோகான்னஸ் கெப்ளர். மறு ஆண்டு பிராகே மறைந்தான். அவன் விட்டுச்சென்ற அவதானிப்புகளைக் கொண்டே கோள்கள் நீள்வட்டப் பாதையில் இயங்குகின்றன என்பதைக் கெப்ளர் நிறுவினான். இன்பத்திற்கெனக் கட்டப்பட்ட மாளிகை, கட்டியோன் கனவிலும் கருதாத பயனொன்றை அளித்தது.

6

மாளிகையின் பிற்கால வரலாறு ஏற்றத்தாழ்வுகள் நிறைந்தது. முப்பதாண்டுப் போரின் இறுதியில், 1648இல், சுவீடன் நாட்டுப் படைகள் அரண்மனையைக் கைப்பற்றி அங்கிருந்த கலைச்செல்வத்தைக் கொள்ளையிட்டன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் யோசேப்பு ஆட்சியில், வேனில் மாளிகை பீரங்கிப் படையின் வேலைக்கூடமாக மாற்றப்பட்டது. 1781இல் பொகீமியக் குடியானவரின் பண்ணையடிமைத்தனத்தை ஒழித்த சட்டமும் இதே மன்னனுடையதே. கலையார்வலர் இம்மன்னனைப் பழமை அழித்தோன் எனப் பழிப்பதுண்டு. தூண்களுக்கு இழைத்த கேட்டினைக் கண்டிப்போர், உழவனுக்குக் கிடைத்த உரிமையினையும் உடன் வைத்து எண்ணுதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாளிகை மீளச் சீர்செய்யப்பட்டது. மேல்மாடிச் சுவர்களில் பொகீமிய வரலாற்றுக் காட்சிகள் ஓவியங்களாகத் தீட்டப்பட்டன. ஹப்ஸ்பேர்க் மாளிகையின் சுவரிலே செக் மக்கள் தம் வரலாற்றைக் காணும் நிலை அவ்வாறு உருவாயிற்று.

பந்தாட்ட மண்டபம் 1945இல் எரிந்தது. பவெல் யனாக் என்னும் கட்டடக் கலைஞன் அதனைப் புதுப்பித்தபொழுது, சுவரிலே சாந்து கீறி வரையப்பட்ட உருவகப் பெண்களுள் ஒருத்தியின் அருகே அரிவாளும் சுத்தியலும் கொண்ட சின்னம் இடம்பெற்றது. 16ஆம் நூற்றாண்டுச் சுவரில் 20ஆம் நூற்றாண்டின் அரசாங்கம் தன் முத்திரையைப் பதித்தமை சிலருக்கு நகைப்பைத் தரும். பேர்டினாந்து ஆன்னாவின் உருவைப் பொறித்ததும் இத்தகைய செயலே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஆயினும், முற்போக்குச் சிந்தனையுடையோர் இன்னொன்றையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். உழைப்போரின் சின்னத்தைச் சுவரிலே பொறித்த ஆட்சிக் காலத்தில், இப்பூங்கா குடியரசுத் தலைவரின் இல்லத்தைச் சூழ்ந்த காப்பிடமாக மூடப்பட்டிருந்தது. உழைக்கும் மக்கள் அதன் பாதைகளில் தடையின்றி நடக்கத் தொடங்கியது 1989ஆம் ஆண்டின் அரசியல் மாற்றத்தின் பின்னரேயாகும். சின்னத்தை மாற்றுவது எளிது; வாயிலைத் திறப்பது வேறு.

இன்று கோடை மாதங்களிற் பூங்கா அனைவருக்கும் திறந்திருக்கின்றது. மாளிகையிற் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. அங்குச் செல்வோர் காணும் செவ்வகப் பாத்திகள் 16ஆம் நூற்றாண்டின் மூலப் பாத்திகளல்ல. இடையிலே பரோக் பாணியும் ஆங்கிலப் பூங்காப் பாணியும் மேலோங்கிய பின், 20ஆம் நூற்றாண்டில் மீள அமைக்கப்பட்டவை. ஆகவே, நாம் காண்பது உறைந்து நிற்கும் கடந்த காலமன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்கேற்பத் திருத்தியமைத்த ஒன்றாகும்.

இத்தகைய சின்னங்களை நோக்குவதில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. அழகில் மயங்கி, அதனைத் தாங்கிய அதிகாரத்தையும் உழைப்பையும் காணாது விடுதல் ஒன்று. அதிகாரத்தைக் கண்ட சினத்தில், அழகினை ஆளும் வர்க்கத்தின் உடைமையென ஒதுக்கிவிடுதல் மற்றொன்று. முன்னையது கலையை வரலாற்றினின்று பிரிக்கின்றது. பின்னையது யாரோஷின் உலையிலும் ஸ்தெல்லாவின் உளியிலும் பிறந்ததை மன்னனுக்கே மீண்டும் உரித்தாக்கிவிடுகின்றது. பாடும் நீரூற்றின் தட்டிற்குக் கீழே இன்று எவரும் குனிந்து செவி கொடுக்கலாம். அங்குக் கேட்பது, மணி வார்த்தும் பீரங்கி வார்த்தும் பழகிய ஒருவன் உலோகத்தைப் பற்றி அறிந்திருந்தவற்றின் ஓசை.